வெயிலுக்குப் பழக்குதல்



போன மாதம் மகள் வீட்டுப் பின்வாசலில் தொட்டிகள் வரிசையாக நிற்கிற படம் ஒன்று போட்டிருந்தேன். "என்ன டீச்சர், காலையில வெளியே வைக்கிறீங்க, கொஞ்ச நேரத்துல உள்ளே எடுக்கிறீங்க, செடிக்கு எதுக்கு தினமும் ஊர்வலம்?" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். நம் பள்ளியில் படித்து இப்போது நர்சரி வைத்திருக்கிற ஒருவர் மட்டும், "ஹார்டனிங் பண்றீங்களா டீச்சர்?" என்று கேட்டார். அவருக்கு முழு மதிப்பெண். மற்றவர்களுக்காக இந்தப் பதிவு.

நீளமாகத்தான் எழுதப் போகிறேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து படியுங்கள். இதில் செடி சமாசாரமும் இருக்கிறது, வீட்டுச் சமாசாரமும் இருக்கிறது. வீட்டுச் சமாசாரத்தை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதும்மா, யாருக்காவது உதவும். ஆனா செடி வச்சதாலதான் சரியாச்சுன்னு மட்டும் எழுதிடாதே" என்றாள். ஒப்புக்கொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் இருப்பது டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். போன நவம்பரில் அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது, பையன். பிரசவத்துக்கு நான் வந்திருக்க வேண்டும். விசா வந்து சேர ஏப்ரல் ஆகிவிட்டது. ஐந்து மாதம் வாட்ஸ்அப் வீடியோவில்தான் பேரனைப் பார்த்தேன். அவள் உட்காருகிற சோபாவுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் கதவு, அதன் ஓரத்தில் அவளுடைய தொட்டிகள். நடுவில் நிற்கும் கறிவேப்பிலை டிசம்பரிலேயே மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. பொங்கலுக்குப் பேசும்போது வெறும் குச்சி. "தண்ணி ஊத்தினியா பாப்பா?" என்று கேட்டால் "குளிரும்மா, அப்படித்தான் இருக்கும்" என்பாள். அது பொய் இல்லை. பனிக்காலத்தில் கறிவேப்பிலை அங்கே இலை உதிர்ப்பது வழக்கம்தான். ஆனால் இவள் எட்டாவது படிக்கும்போதே கொல்லையில் பத்து ரோஜாப் பதியன் போட்டு எட்டைப் பிழைக்க வைத்தவள். அவள் வாயிலிருந்து செடியைப் பற்றி இவ்வளவு சுரத்தில்லாமல் ஒரு பதில் வந்து நான் கேட்டதில்லை.

ஏப்ரல் கடைசியில் வந்து இறங்கியபோது பார்த்தேன். கண்ணாடிக் கதவோரம் எட்டுத் தொட்டி: கறிவேப்பிலை, குண்டு மல்லிகை, செம்பருத்தி, வெற்றிலை, ரப்பர் செடி, குரோட்டன்ஸ், ஒரு குட்டி வாழை, மணி பிளான்ட். கடைசி மூன்றும் நம் ஊரில் வேலியோரம் கிடக்கிறவை. இங்கே அவற்றுக்கு "ஹவுஸ் பிளான்ட்" என்று பெயர், விலையும் கொஞ்சநஞ்சமில்லை. செம்பருத்தி இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை. சிலந்திப் பேன். வீட்டுக்குள் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டு போவதால் பனிக்காலத்தில் அது பெருகும். கறிவேப்பிலைத் தண்டில் செதில் பூச்சி, தொட்டால் பிசுபிசு என்று ஒட்டியது.

மகளும் இளைத்திருந்தாள். குழந்தையைக் குறை வைக்காமல் பார்த்துக்கொண்டாள். பால், குளியல், தூக்கம் எல்லாம் நேரத்துக்கு. ஆனால் குழந்தை தூங்கினால் இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வெளியே போய் ஒரு மாதம் ஆகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று பிப்ரவரியில் டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, எடின்பரோ அளவுகோல் என்று பெயர். கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, அழுகை வந்ததா என்பது போன்ற கேள்விகள். அதை நிரப்பச் சொல்லிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். மாத்திரை கொடுத்திருந்தார்கள். வாரம் ஒரு நாள் ஆலோசகர் ஒருவர் போனில் பேசுவார். இதை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவள் மாப்பிள்ளையிடம் சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

சொந்தங்களில் சிலர் போனில், "அங்க என்ன குறை, எல்லா வசதியும் இருக்கே" என்று கேட்டீர்கள். இன்னொருவர் திருஷ்டி கழிக்கச் சொன்னீர்கள். கோபத்தில் எழுதவில்லை. நானும் அந்தக் காலத்துப் பெண்தான். என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதம் யாரோடும் பேசாமல் இருந்தார். "காத்துக் கருப்பு" என்று எங்கெங்கோ கூட்டிப் போனார்கள். அன்றைக்கு அந்தப் பத்துக் கேள்வியை யாராவது அவரிடம் கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

சரி, செடிக்கு வருகிறேன்.

மே முதல் வாரம். வெளியே நல்ல வெயில், 16 டிகிரி. நமக்கு அது மார்கழிக் காலை. இங்கே பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு ஓடுகிறார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்து வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"ரீச்சர், உதுகளை இப்ப வெளியிலை வைக்கப் போறியளோ?"

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா. எழுபது தாண்டியவர். எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்தவர். நான் டீச்சர் என்பது வந்த மறுநாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்காதீர்கள்.

"இல்லைக்கா, பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"விக்டோரியா டே முடியட்டும். அதுக்கு முந்தி வைச்சா ஒண்டும் மிஞ்சாது. நான் வந்த புதுசிலை ஏப்ரல் வெயிலை நம்பி ஏமாந்து போனன். பகல் முழுக்கச் செடி சிரிச்சுக்கொண்டு நிண்டது. விடியப் பாத்தா அவிச்ச கீரை மாதிரி."

விக்டோரியா டே என்பது இங்கே மே 25-க்கு முந்தின திங்கட்கிழமை வரும் விடுமுறை. ராணி விக்டோரியாவின் பிறந்தநாள் கணக்கு. ராணிக்கும் கறிவேப்பிலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் தோட்டம் போடுகிறவர்கள் எல்லாரும் அந்த நாளைத்தான் கணக்கு வைக்கிறார்கள், நாம் ஆடிப்பெருக்கைக் கணக்கு வைத்து விதைப்பது போல. உறைபனி அதற்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

உறைபனி மட்டும் எதிரி இல்லை. நம் ஊர்ச் செடிகளுக்குத் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டியதில்லை. 10 டிகிரிக்குக் கீழே போனாலே பலவற்றுக்கு அடி விழும். நெய் குளிரில் கட்டியாவது போல, இலையின் செல்களைச் சுற்றியிருக்கும் கொழுப்புச் சவ்வு இறுகிவிடுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீரும் உப்பும் கசிய ஆரம்பிக்கும். மறுநாள் வெயில் வந்ததும் இலை கருத்துத் தொங்கும். அக்கா சொன்ன அவித்த கீரை அதுதான். அதனால் பகல் எவ்வளவு சூடு என்பதை விட்டுவிட்டு இரவு எவ்வளவு குளிர் என்பதைப் பார்க்க வேண்டும். பேத்திக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஒரு பழைய நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் எழுந்ததும் முந்தின இரவின் வெப்பநிலையை எழுதச் சொன்னேன். பின்சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டியிருந்தது, இரவில் எவ்வளவு இறங்கியது என்பதைக் காட்டும். 6, 5, 8, 7, 9 என்று அவள் எழுதிய எண்கள் முதலில் கோட்டுக்கு வெளியே ஓடும். "அம்மாச்சி, டென் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் பல் விளக்குவாள்.

குளிர் ஒரு பக்கம். இரண்டாவது ஆபத்துதான் எல்லாரும் தவறவிடுவது. வெயில்.

"வெயில்ல பிறந்த செடிக்கு வெயில் என்ன செய்யும்?" என்று கேட்பீர்கள். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு மொச்சைக்கொட்டை நினைவிருக்கும். இரண்டு கொட்டாங்குச்சியில் விதைப்போம். ஒன்று வாசலில், ஒன்று பீரோவுக்குப் பின்னால் இருட்டில். வாசல் செடி குட்டையாக, பச்சையாக, உறுதியாக வரும். பீரோ செடி வெளுத்து, நீளமாக, நூல் மாதிரி ஆடும். "டீச்சர், இருட்டுல வச்சதுதான் உசரம்!" என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் கத்துவார். அந்த உயரச் செடியை அப்படியே நண்பகல் வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் சுருண்டுவிடும். இரண்டும் ஒரே காயிலிருந்து எடுத்த மொச்சைதான்.

ஏழு மாதம் கண்ணாடிக்குள் இருந்த செடியும் அப்படித்தான். நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் என்பார்கள். ஜன்னலிலிருந்து சில அடி தள்ளிப்போனால் சில நூறு லக்ஸ்தான். நம் கண் அதற்கேற்ப விரிந்துகொள்வதால் அறை வெளிச்சமாகத் தெரிகிறது. செடியை அப்படி ஏமாற்ற முடியாது. கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்க மெல்லிய, அகலமான, கரும்பச்சை இலைகளை விடுகிறது. மேலே மெழுகுப் பூச்சு குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியைக் கண்ணாடியே தடுத்துவிடுவதால் அதற்கான தற்காப்பும் இலையில் இருக்காது. அந்த இலையைத் திடீரென்று முழு வெயிலில் வைத்தால் பச்சையமே வெந்துபோய் வெள்ளைத் திட்டு விழும், பிறகு காகிதம் போலப் பழுப்பாகும். அந்தத் திட்டு திரும்பப் பச்சையாகாது. நிழலில் உண்டான இலை முழு வெயில் இலையாக மாறுவதும் கிடையாது. கொஞ்சம் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான். புதிதாக விடுகிற இலைதான் வெயிலுக்கான இலை. அதுவரை பழைய இலைகள் செடிக்குச் சோறு போட வேண்டும் என்பதால்தான் அவற்றைக் கருக விடக் கூடாது.

காற்றும் அப்படித்தான். வீட்டுக்குள் ஆடாமல் நின்ற தண்டு மெல்லியதாக இருக்கும். தினம் கொஞ்சம் காற்றில் ஆடினால் தடிமனாகும்.

வேளாண்மைப் புத்தகங்களில் இதற்குக் கடினப்படுத்துதல் என்று போட்டிருப்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, ஏதோ தண்டனை மாதிரி இருக்கிறது. மாட்டை வண்டிக்குப் பழக்குவது என்கிறோமே, அந்தப் பழக்குதல் போதும். நம் பக்கத்தில் திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்குகிறவர்களுக்கு இது புதிதில்லை. கண்ணாடிக் குடுவையில் வளர்ந்த கன்றை நிழல்வலைக்குள் வைத்துப் பழக்கித்தான் வயலுக்கு அனுப்புகிறார்கள்.

பிரான்சில் வெர்சாய் அரண்மனையில் பதினான்காம் லூயி காலத்திலிருந்து இதற்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறது. 1680-களில் கட்டியது. ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, பனை வகைகள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் பெட்டித் தொட்டிகளில் பனிக்காலம் முழுக்க உள்ளே இருந்துவிட்டு மே மாதம் வெளியே வரும், அக்டோபரில் உள்ளே போகும். அங்கே தூக்க ஆள் இருந்தது. இங்கே நான்.

இங்கேதான் விஷயமே. கறிவேப்பிலைத் தொட்டி நனைந்தால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. எனக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மாப்பிள்ளை காலை ஆறரைக்குப் போனால் சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவார். முதல் நாள் ஒரு மணி நேரம்தான் வெளியே வைக்கலாம் என்றால், அதைத் தூக்கி வைக்கவும் திரும்ப எடுக்கவும் நடுப்பகலில் வீட்டில் இருக்கிற ஒரே ஆள் மகள். இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று யாரும் எனக்குச் சாமர்த்தியப் பட்டம் கொடுக்க வேண்டாம். முழங்கால் நன்றாக இருந்திருந்தால் நானே தூக்கியிருப்பேன்.

முதலில் குளிப்பாட்டல். குளியலறைத் தொட்டியில் ஒவ்வொன்றாக வைத்து ஷவரைத் திறந்து இலையின் அடிப்பக்கம் பீய்ச்சினோம். செதில் பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் வைத்துத் தேய்த்தோம். தேய்த்தது மகள். ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நான் "போதும்" என்ற பிறகும் தண்டின் ஒவ்வொரு கணுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

விக்டோரியா டேக்கு இன்னும் பத்து நாள். பகலில் மட்டும் வெளியே வைத்துப் பழக்க அதுதான் சரியான நேரம். வீட்டின் பின்புறம் கிழக்கு பார்த்தது. வலப்பக்கம் கொட்டகைச் சுவர், அதன் வடக்கே நாள் முழுக்க நிழல். முதல் நாள் அந்த நிழலில் ஒரு மணி நேரம். வெறும் நிழல்தானே என்று நினைக்காதீர்கள், திறந்தவெளி நிழலே 10,000 லக்ஸ் வரை இருக்கும். வீட்டு ஜன்னலோரத்தைவிடப் பல மடங்கு. இரண்டாம் நாள் இரண்டு மணி நேரம். இப்படி நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டினோம். ஐந்தாம் நாளிலிருந்து காலை வெயில் அரை மணி, மறுநாள் ஒரு மணி. பத்து மணிக்கு மேல் வெயில் படாமல் நிழலுக்கு நகர்த்திவிட வேண்டும். ரப்பர் செடி, மணி பிளான்ட் இரண்டையும் நிழலிலேயே விட்டோம். அவை காட்டில் பெரிய மரங்களின் கீழ் தொடங்குகிற சாதி. தண்ணீர் விஷயத்தில் கவனம் தேவை. வீட்டுக்குள் வாரம் ஒரு முறை கேட்டது, வெளியே காற்றில் இரண்டு நாளில் கேட்கும். தட்டை எடுத்துவிடுங்கள். மழை பெய்தால் தட்டில் தண்ணீர் நின்று வேர் அழுகும்.

முதல் நாள் மகள் தொட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். "குழந்தைக்குக் குளிரும்." இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காற்று அடித்து வாழை இலை கிழிந்தது. அதைப் பார்க்கப் போனவள் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். நான் குழந்தையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போய் அதே நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பேரன் மேலே பார்த்தான். பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் அப்போதுதான் துளிர் விட்டிருந்தது, இளம்பச்சையாக, கசங்கிய பட்டுத்துணி போல. ஆறு மாதக் குழந்தை வாழ்க்கையில் முதல் தடவை இலை அசைவதைப் பார்க்கிறான். கையை நீட்டுகிறான், எட்டவில்லை, மறுபடி நீட்டுகிறான். மகள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்தாள் என்று எழுத ஆசைதான். சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு மணி நேரக் கணக்கு முடிந்தபோது நான்தான் "உள்ளே எடு" என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

வேலியோரம் அக்கா வருவார். அவர் வீட்டுக் கறிவேப்பிலைக்கு முப்பது வயதுக்கு மேல் என்கிறார். பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் நிற்கிறது, அடியில் சக்கரம் பூட்டியிருக்கிறார்கள். மகளுடைய செடியே அதன் வேரிலிருந்து கிளம்பிய கன்றுதான், மூத்தவள் பிறந்த வருடம் அக்கா கொடுத்தது. "பிள்ளை, நுனியைக் கிள்ளி விடு. கிள்ளினாத்தான் பக்கத்தாலை வெடிக்கும்" என்பார் மகளிடம். மகளும் "சரி ஆன்ட்டி" என்று கிள்ளுவாள். ஒரு நாள் அக்கா தானாகவே சொன்னார், "எனக்கும் ரெண்டாவது பிள்ளைக்குப் பிறகு உப்பிடித்தான். அப்ப ஆருக்குச் சொல்லுறது? மனுசன் ரெண்டு வேலை. வெளியிலை பாத்தா ஸ்னோ." அதற்கு மேல் சொல்லவில்லை. மகள் வேலியில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அவர்கள் இருவரும் பிறகு என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பேரனுக்குப் பால் ஆற்ற உள்ளே போய்விட்டேன்.

கறிவேப்பிலை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊர்ப் பெருமை. அதன் தாவரவியல் பெயர் முர்ரயா கோனிகி. இப்போது பெர்கெரா கோனிகி என்றும் எழுதுகிறார்கள். அந்தக் கோனிகி யார் தெரியுமா? யோஹான் கெர்ஹார்ட் கோனிக். லின்னேயஸிடம் படித்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் டேனிஷ்காரர்கள் கையில் இருந்த நம் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்தவர். நாம் சுற்றுலா போய்க் கடலை சாப்பிட்ட அந்தக் கோட்டை ஊர்தான். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப உங்கட ஊர் ஆள்தான் எங்கட கறிக்குப் பேர் வைச்சது" என்றார். பேர் வைத்தவர் அவர் இல்லை, அவர் பெயரை வைத்தார்கள் என்று திருத்தினேன். டீச்சர் புத்தி போகாது.

விக்டோரியா டே வந்தது. அதற்கு முந்தின மூன்று இரவும் நோட்டில் 11, 12, 11. பேத்தி பத்தைத் தாண்டிய எண்களைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள். செடிகளை இரவும் வெளியே விட்டோம். கறிவேப்பிலையில் மிளகு அளவுக்கு மூன்று துளிர். குண்டு மல்லியைக் கால் பங்கு வெட்டிவிட்டோம். அணில் வந்து வாழைத் தொட்டியைத் தோண்டியது. இங்கே அணில் கறுப்பாக, நம் ஊர்க் கீரிப்பிள்ளை அளவுக்கு இருக்கும். முதுகில் கோடு இல்லாததால் பேத்திக்கு ராமர் கதை சொல்லி நிரூபிக்க முடியவில்லை. மண் மேல் கூழாங்கல் பரப்பினோம், விட்டுவிட்டது.

நான்கு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பகலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாப்பிள்ளைக்கு இரவு வேலை. நான் ஒன்பதரைக்கே மாத்திரை போட்டுப் படுத்துவிட்டேன். ஏதோ உருளும் சத்தம் கேட்டு விழித்தேன். மணி பதினொன்று இருக்கும். கீழே வந்து பார்த்தால் பின்வாசல் விளக்கு எரிகிறது, கண்ணாடிக் கதவு விரியத் திறந்திருக்கிறது, ஜில்லென்று காற்று. மகள் நைட்டிக்கு மேல் அவள் வீட்டுக்காரரின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு கறிவேப்பிலைத் தொட்டியை ஒரு பழைய மிதியடி மேல் ஏற்றி இழுத்துக்கொண்டு வருகிறாள். வாழையும் செம்பருத்தியும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன.

"என்ன பாப்பா?"

"நாலு டிகிரிக்குப் போகுமாம்மா. பையனுக்குப் பால் கொடுக்க எழுந்தேன். போன்ல பார்த்தேன்."

"என்னை எழுப்பியிருக்கலாம்ல."

"நீ என்ன தூக்கப் போறியா? அந்த வெத்தலையை மட்டும் எடு. கொடி ஒடியாம எடு."

என்னை அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று. வெற்றிலைக் கொடியை எடுத்துக்கொண்டு வந்தேன். எட்டும் உள்ளே வந்த பிறகு இரண்டு பேரும் சமையலறையில் நின்று பால் காய்ச்சிக் குடித்தோம். கோட்டைக் கழற்றாமலே பேசிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் எப்படி இருந்தது என்று முதன்முறையாகச் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றரை மணி வரை பேசினோம். காலையில் பேத்தி நோட்டில் 4 என்று எழுதிவிட்டு, வட்டம் போடலாமா கூடாதா என்று வெகுநேரம் யோசித்தாள்.

மகள் சொன்னதைக் காப்பாற்றுகிறேன். மாத்திரை பிப்ரவரியிலிருந்து. அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருக்கிறார். ஆலோசகரின் போன் இன்றும் வாரா வாரம் வருகிறது. பகலும் நீண்டுவிட்டது. டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. இப்போது ஜூனில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல். இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. நம் பிள்ளைகளில் யாருக்காவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் வெறுமையும் விடாமல் இருந்தால், தொட்டியை வெளியே வைக்கச் சொல்லி இந்தப் பதிவை அனுப்பாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் பெரியவர்கள் "நாங்கள்லாம் பெத்துக்கலையா" என்று சொன்னால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

இன்றைய நிலவரம்: கறிவேப்பிலையில் பதினொரு கொத்து, புது இலை சின்னதாக, தடிப்பாக, வாசனை தூக்குகிறது. குண்டு மல்லி மொட்டு வைத்திருக்கிறது. செம்பருத்தியை ஜப்பானிய வண்டு என்று ஒன்று தின்ன வரும், ஜூலையில் பார்த்துக்கொள் என்று அக்கா எச்சரித்திருக்கிறார். காலையில் பனி ஈரத்தோடு வண்டு மந்தமாக இருக்கும்போது சோப்புத் தண்ணீர் டப்பாவில் தட்டிவிட வேண்டுமாம். பேத்தி அதற்கு ஒரு டப்பாவுக்கு இப்போதே பெயர் ஒட்டி வைத்திருக்கிறாள்.

துபாயில் இருக்கும் நம் மாணவிகள் இருவர் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கணக்கு தலைகீழ். நீங்கள் மே மாதம் செடியை உள்ளே எடுத்து, அக்டோபர் கடைசியில் வெளியே வைப்பீர்கள். ஆனால் பழக்குகிற முறை ஒன்றுதான்: முதலில் நிழல், பிறகு காலை வெயில், பத்து நாள் பொறுமை. மெல்போர்னில் இருக்கிறவர் ஆறு மாதம் தள்ளிப் படித்துக்கொள்ளவும்.

நான் செப்டம்பர் கடைசியில் ஊருக்குக் கிளம்புகிறேன். நிரந்தரமாகத் தங்கிவிடப் போகிறேனா என்று கேட்டவர்களுக்கும் இதுதான் பதில். செடிகளை உள்ளே எடுக்கிற வேலை பாதி நான் இருக்கும்போதே ஆகிவிடும். செப்டம்பர் முதல் வாரத்திலிருந்து நோட்டை மறுபடி திறக்க வேண்டும். இரவு 12 டிகிரி வந்ததும் முதலில் நிழலுக்கு நகர்த்துவது, ஒரு வாரம் அங்கே விட்டு, குளிப்பாட்டி, பூச்சி பார்த்து, ஹீட்டர் போடுவதற்கு முன்னால் உள்ளே. கறிவேப்பிலைக்கு அக்டோபரிலிருந்து தண்ணீர் பாதியாகக் குறைப்பது. இதெல்லாம் மகள் கையெழுத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதினாள், இரண்டு இடத்தில் என்னைத் திருத்தினாள். கீழே "நவம்பர்: அம்மா மறுபடி" என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.